தேவசகாயம் அண்ணனின் சின்ன வாக்கியங்கள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தேவசகாயம் அண்ணனின் எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருப்பதையே மறந்து, பழக்கத்தில் விபத்துச் செய்தியாக இருக்கும் என்று நினைத்து, கேட்பதற்கு முன்பே கணினியைத் திறந்தேன். பேசியவர் அவருடைய மனைவி ரெஜினா அக்கா. “தம்பி, அண்ணன் போயிட்டாருப்பா. ஆபீஸ்ல நீயே சொல்லிடு.”

எங்கள் நாளிதழின் தாம்பரம் செய்தியாளர் அவர். பம்மல் முதல் படப்பை வரை அவருடைய ஸ்கூட்டர் போகாத தெரு குறைவு என்பது வாசகர்களான உங்களுக்கும் தெரியும். தட்டச்சு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. சம்பவம் நடந்த இடத்தில் நின்றபடியே போனில் சொல்வார். அலுவலகத்தில் நான் அடிப்பேன். பிற்பாடு குரல்பதிவு வந்தபோதும் அதே ஏற்பாடுதான். அவருடைய ஒரு வாக்கியம் வண்டலூரில் புறப்பட்டால் தாம்பரத்தில்தான் நிற்கும். எங்கே வெட்டுவது என்று விழிப்பேன்.

கொரோனாவில் பதினொரு நாள் ஆக்சிஜனில் கிடந்து மீண்டார். வேலைக்குத் திரும்பியபின் அனுப்பிய பதிவுகளில் வாக்கியங்கள் சின்னதாகியிருந்தன. “குடோன்ல தீ. ரெண்டு வண்டி வந்திருக்கு. யாருக்கும் காயம் இல்ல.” எனக்கு ஒரே மகிழ்ச்சி. கூப்பிட்டு, “முப்பது வருஷம் கழிச்சு இப்பதாண்ணா நியூஸ் சொல்லக் கத்துக்கிட்டீங்க” என்றேன். “உனக்கு வேலை மிச்சம்தானே, வுடு” என்றார்.

பல மாதங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் மதியம் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த அண்ணன், பாதிப் படியில் ஓரமாக நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடமாகியும் நகரவில்லை. பின்னால் நிற்கிறேன் என்று சொல்ல அவர் எண்ணை அழைத்தேன். காதில் வைத்திருந்த போன் மணியடித்தது.

“இன்னாண்ணா இது?”

“மூச்சு வாங்குதுடா. சும்மா நின்னா நாலு பேர் இன்னான்னு கேப்பான். போன் பேசினா எவனும் கேக்க மாட்டான்.”

மறுவாரம் நுரையீரல் பரிசோதனைக்கு இழுத்துப்போனேன். குழாயை அவர் வாயில் கொடுத்து, “ஊதுங்க சார், ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் இன்னும்” என்று அங்கிருந்த பெண் சத்தம் போட்டார். மூன்று முறையும் பாதியிலேயே இருமல். “எலெக்‌ஷன் கூட்டத்துல கூட இவ்ளோ சத்தம் இல்லம்மா” என்றார் அண்ணன். மருத்துவர் சிரிக்கவில்லை. தொற்று போய்விட்டது, தழும்பு தங்கிவிட்டது என்றார். மூச்சுப்பயிற்சி எழுதிக்கொடுத்தார். புகை, தூசிப் பக்கம் போகக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆபீஸ்ல சொல்லாத தம்பி. வூட்ல உக்கார வெச்சிருவாங்க. அப்புறம் நான் யாரு?”

நான் சொல்லவில்லை. குப்பைமேடு எரிந்தபோதும் அவர்தான் போனார். “நீங்க போவாதீங்கண்ணா” என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து வந்த நிமோனியாவை அந்த நுரையீரல் ஐந்து நாள்தான் தாங்கியது. புகைதான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். “தெரியாதத தெரியாதுன்னே எழுது” என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். அப்படியே எழுதுகிறேன். ஆனால் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய பதிவுகள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. அடக்கம் முடிந்து வந்து குடோன் தீ பதிவை மறுபடி கேட்டேன். கடைசி வாக்கியத்துக்குப் பிறகும் அது ஓடுகிறது. ஒன்பது விநாடி. பேச்சு இல்லை, அவர் காற்றை இழுக்கும் சத்தம் மட்டும். அன்று செய்தி முடிந்துவிட்டது என்று அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடிக்கத் தொடங்கியிருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒன்பது விநாடி.