தழும்பு இல்லாத கோலி

என் அக்கா வீட்டுக்காரருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அதே கடையில் கல்லாவில் உட்காருகிறவன் நான். மச்சானுக்கு ஒரு பைத்தியம் உண்டு: அந்தக் காலத்தில் ஜெர்மனியில் கையால் செய்த கண்ணாடிக் கோலிகள். அவர் வீட்டு பிஸ்கட் டப்பா எதிலும் பிஸ்கட் இருக்காது. “புருஷன் கோலிய வெச்சு குடும்பம் நடத்துறாரு, நான் சும்மா கூட இருக்கேன்” என்பாள் அக்கா.

கைக் கோலியைச் சூடான கண்ணாடித் தண்டிலிருந்து வெட்டி எடுப்பார்களாம். வெட்டிய இடத்தில் சொரசொரவென்று ஒரு தழும்பு நிற்கும். மெஷின் கோலியில் அது கிடையாது. மச்சானிடம் இருந்ததிலேயே உசத்தி, ஒரு நீல வரிக் கோலி. கொடுத்தவர் எங்கள் பழைய வாடிக்கைக்காரர் டைப்பிஸ்ட் அம்மா. பார்வை முழுசாகப் போவதற்கு முன் கொண்டுவந்து கொடுத்தார்.

“கண்ணு போனா என்ன தம்பி, தழும்ப என் விரல் கண்டுபிடிச்சிடும். அப்பப்ப வந்து தொட்டுப் பாத்துக்கறேன்.”

அதையும், அதே நிறத்தில் அதே வரியோடு ஒரு மெஷின் கோலியையும் மச்சான் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, போவோர் வருவோருக்கெல்லாம் வித்தியாசம் காட்டுவார். ஒருநாள் அப்படிக் காட்டிவிட்டு இரண்டையும் லென்ஸ் தட்டில் போட்டதுதான் வினை. என்னோடு வாயடித்துக்கொண்டே லென்ஸ் தேய்க்கிற சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தவருடைய கையில் ஏதோ சொரசொரப்பு தட்டுப்பட்டது. பழக்கதோஷம், கை அதைத் தேய்த்து மெருகும் போட்டு மறுபடி தட்டில் உருட்டிவிட்டது.

அப்புறம்தான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு நீலக் கோலி, இரண்டும் வழவழ.

“டேய், இதுவா? அதுவா?”

“என்னக் கேட்டா? நீங்கதான எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்க.”

விளக்கடியில் பிடித்து இதுதான் என்றார், அடுத்த நொடியே அதுதான் என்றார். பார்க்கப் பார்க்க எனக்கும் தலை சுற்றியது. சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

கெட்ட நேரம், அந்த வாரமே டைப்பிஸ்ட் அம்மா வந்துவிட்டார். மச்சான் என்னைப் பார்த்தார், நான் கல்லாவைப் பார்த்தேன். ஏதோ ஒன்றை எடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் ஒரு சுற்றுச் சுற்றியது.

“இது மெஷின் கோலி தம்பி. மத்ததக் குடுங்க.”

கொடுத்தார். விரல் சுற்றியது. திரும்பவும் சுற்றியது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, விரலும் போயிடுச்சா எனக்கு?”

“இல்லம்மா! உங்க விரல் நல்லாத்தான் இருக்கு. நான்தான் பாவி, தெரியாம தேச்சுட்டேன்” என்று மச்சான் அலறியே விட்டார்.

“அப்பாடா” என்று நாற்காலியில் சாய்ந்தார் டைப்பிஸ்ட் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைக்கு ஒரு கோலியாகப் பிடித்தார்.

“சரி, இதுல என்னுது எது?”

மச்சான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “தெரியலம்மா” என்றார்.