ஆளில்லாத நாற்காலி

நான் போக்கர் ஆடிப் பிழைக்கிறவன். இதைக் கேட்டதும் கண்ணை விரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். குளிரூட்டிய அறைக்குள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க வந்த சீட்டைப் பார்ப்பதும் வேண்டாமென்று போடுவதுமான வேலை இது. தோற்றவன் அதிர்ஷ்டத்தைத் திட்டுவான். ஜெயித்தவன் திறமையைப் பற்றி வகுப்பெடுப்பான். இரண்டு பேர் வாயையும் தைத்துவிடலாம் போலிருக்கும்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் என் தாய்மாமா இந்தத் தொழிலை வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தார். "பையன் சிங்கப்பூர்ல வேலை செய்றான்." ஜொகூரில் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். மருமகன் சூதாடி என்று சொல்ல வெட்கப்பட்ட அதே மனிதர், சாலையோரம் கார் கவிழ்ந்து கிடந்தால் வண்டியை நிறுத்தி, நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டு, அந்த எண்ணில் பணம் கட்ட நாலு நம்பர் லாட்டரிக் கடைக்கு ஓடுவார். அது சூது இல்லையாம்.

குளுவாங்கில் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. அக்கினியில் போடும் பொரியைப் பெண்ணின் கையில் அள்ளிக் கொடுப்பது கூடப்பிறந்தவனின் உரிமை. அவளுக்கு நான் ஒரே அண்ணன். அதே வாரம் மணிலாவில் ஒரு பெரிய போட்டி. முதல் நாளே தோற்று வெளியே வந்துவிடுவேன் என்ற தைரியத்தில் போனேன். தொழில்முறை ஆட்டக்காரனுக்குப் பெரும்பாலும் அதுதான் நடக்கும். எவனும் வெளியே சொல்வதில்லை.

அந்த முறை பார்த்து நல்ல சீட்டாக வந்து கொட்டியது. கல்யாணத்துக்கு முந்தின நாளும் மேசையில்தான் இருந்தேன். இடைவேளையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நாளைக்கு வருவீங்களா, மாட்டீங்களா? ஐயருக்குச் சொல்லணும்."

"வந்துருவேன் லா."

ஆட்டம் மறுநாளும் தொடர இருந்தது. என் பந்தயச் சில்லுகளை நாற்காலி முன்னால் அப்படியே விட்டுவிட்டு விடிந்ததும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். ஆளில்லை என்று ஆட்டம் நிற்காது. சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயத்தை என் குவியலிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கரைந்து ஒழியட்டும் என்று விட்டேன். தியாகி என்ற நினைப்பு வேறு.

சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்குள் நுழையும் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நகரவே இல்லை. மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. பொரியை மாமா மகன் அள்ளிக் கொடுத்து முடித்திருந்தான்.

"என்னடா, லீவு குடுக்கலையா?" என்று மாமா நாலு பேர் கேட்கும்படி கேட்டார். அந்த நேரத்திலும் தன் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்த தங்கை என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

சாயங்காலம் அலங்காரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம், மணிலாவிலிருந்து ஒரு ஆட்டக்காரன் செய்தி அனுப்பினான். கடைசிவரை மிஞ்சுகிறவர்களுக்குத்தான் பரிசு. மேசையிலிருந்த மேதைகள் பேராசையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு வெளியேற, ஒன்றுமே செய்யாத என் நாற்காலி பரிசுக்குள் நுழைந்துவிட்டது. நான் உட்கார்ந்து ஆடி வாங்கிய எந்தப் பரிசும் அவ்வளவு பெரியதில்லை. என்ன மானங்கெட்ட தொழில்!

தங்கையிடம் போய் இதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டால் போதும் என்றிருந்தது. தலையிலிருந்த பூவைக் கழற்றியபடி முழுவதும் கேட்டாள்.

"இங்கயும் அப்படித்தாண்ணே," என்றாள். "நீங்க இல்லாம நல்லாவே நடந்துச்சு."