தக்காளிப் பாத்தியில் ஒரு பாசிச அட்டை

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் அகதி வழக்கு விசாரணைக்கு ஆறு நாள் இருந்தபோது, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டுக்குள் பாசிசம் நுழைந்தது. கொண்டுவந்தவர் வீட்டுக்கார அன்ரி, எண்பதை நெருங்கும் இத்தாலியர். மேலே தான் சமைக்கும் குசினிக்குப் பெயின்ற் அடிப்பதால் தன் பிஸ்கற் பேணியை எங்களிடம் தந்துவைத்தார். மூடியைத் திறந்தும் காட்டினார். அந்தக் காலத்தில் இத்தாலியை ஆண்ட பாசிசக் கட்சி கிராமத்து இல்லத்தரசிகளுக்கென்று நடத்திய சங்கத்தின் உறுப்பினர் அட்டை. அதற்குள், சங்கத்துத் துணியைத் தலையில் கட்டிய இருபது வயதுப் பெண்ணின் படம். தன் இளவயதுப் படம் இது ஒன்றுதான் என்றார். நான் அட்டையிலிருந்த கட்சிச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்; இது எங்களிடம் அகப்பட்டால் வழக்கு என்ன ஆகும்?

யாழ்ப்பாணத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் முதல் வேலை, வீட்டிலுள்ள அட்டை, படம் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் புதைப்பது. ரொறன்ரோவில் யார் சுற்றிவளைப்பார்கள் என்று கேட்க வேண்டிய மூளை அன்று லீவில் நின்றது. அன்ரி பூசைக்குப் போனதும் பின்வளவுத் தக்காளிப் பாத்திக்குப் போனேன்.

பேஸ்மென்ட் யன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. "உங்க என்னப்பா கிண்டுறியள்?"

"உரம் போடுறன்."

"சேர்ட்டுக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோற உரமோ?"

சனிக்கிழமை அன்ரி கதவைத் தட்டினார். மறுநாள் பேத்தி வருகிறாளாம், அட்டையைக் காட்ட வேண்டுமாம். படம் தொலைந்தால் அவருக்கு இளமை போச்சு, எங்களுக்கு வீடு போச்சு. ஐந்து நிமிடம் தரச் சொல்லிவிட்டு ஓடினேன். முப்பது கன்றுகள். அடையாளம் எதுவும் வைக்கவில்லை. வைத்தால் ஆமி கண்டுபிடித்துவிடும் அல்லவா? ஏழாவது கன்றைப் பிடுங்கியபோது அன்ரி பின்னால் நின்றார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவருடைய உடைந்த ஆங்கிலம் என்னுடைய உடைந்த ஆங்கிலத்துக்கு நன்றாகவே விளங்கியது. எங்கள் தமிழில் சொன்னால்:

"கோழிக்குஞ்சு தருவினம் எண்டுதான் சேர்ந்தனான், தம்பி. றேடியோவில கட்சிக்காரன் நாட்டுக்கு நிறையப் பிள்ளை பெறச் சொல்லுவான். நாங்கள் இருந்து பீன்ஸ் உரிப்பம்."

"அப்ப நீங்கள் பாசிஸ்ட் இல்லைத்தானே, அன்ரி?"

அவர் பிடுங்கிக் கிடந்த கன்றொன்றின் மண்ணைத் தட்டினார். "கட்சிக்காரர் ஊரில ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போனதும் தெரியும். குஞ்சையும் திருப்பிக் குடுக்கேல்லை. அதுதான் பேத்திக்குப் படத்தை மட்டுமில்லை, அட்டையையும் காட்டப்போறன்."

பதினோராவது கன்றின் அடியில் பொலித்தீன் அகப்பட்டது. படத்தின் ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது. அதை ஏப்ரனில் ஒற்றி எடுத்தவர், பாத்தியைப் பார்த்தார்.

"உதுகளைத் திருப்பி நடு. ஒண்டு வாடினாலும் வேற வீடு பார்."

விசாரணைக்குப் போன காலையிலும், கோட் சூட்டோடு, பதினொரு கன்றுக்கும் தண்ணீர் விட்டுத்தான் போனேன்.