படைக்காத சோறு

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு வீடு கிடைத்ததே பெரிய பாடு. நான் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மிஷன் பயிற்சி முடிந்ததும் என்னை ராஜபாளையத்துக்குப் போட்டார்கள். மாலையில் வன்னியம்பட்டிப் பிள்ளைகளுக்கு டியூஷன், மற்ற நேரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்து ஜெபவீட்டில் பாட்டு. இதுதான் எனக்குக் கொடுத்த ஊழியம். ஊரில் சபையார் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார்கள். ஏதோ நான் கடல் தாண்டிப் போவதுபோல அப்பா புதுப் பெட்டி வாங்கினார், அம்மா ஸ்வெட்டரை மடித்து வைத்தார். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அடித்த வெயிலில் அந்த ஸ்வெட்டரை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தனியாக ஒரு பெண், அதுவும் ஜெபம் பண்ணுகிற பெண் என்றதும் வீட்டுக்காரர்கள் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். ஜெபவீட்டில் பொறுப்பாளராக இருந்த ஐயா, இந்த மாதத்துக்குள் வீடு அமையாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். கைவைத்து ஜெபித்த அத்தனை பேர் முன்னாலும் பெட்டியோடு போய் நிற்க வேண்டுமே என்று தெருத் தெருவாக அலைந்தேன்.

ராஜபாளையத்தில் எதுவும் அமையாமல், கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு மாடி அறை காலியாக இருந்தது. கீழ்வீட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மட்டும். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீசை இருக்கிற அளவுக்குப் பேச்சு இல்லை. அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேதக்காரப் புள்ளையா?"

"ஆமாக்கா."

"சத்தம் போட்டு ஜெபம் பண்ணுவியோ?"

"மெதுவாத்தான் பண்ணுவேன்."

"கறி ஆக்கிக்கோ, மீன் ஆக்கிக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. புரட்டாசியில மட்டும் வேண்டாம். அம்புட்டுத்தான்."

அப்படித்தான் எனக்கு அந்த ஊரில் இடம் கிடைத்தது. புரட்டாசி பிறந்ததும் நான் ஒரு முட்டைகூட வாங்கவில்லை. பிறர் மனம் நோகாமல் நடக்க என்னைப்போல் யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். அதைச் சாட்சி என்று ஊழிய வாட்ஸ்அப் குழுவில் வேறு எழுதினேன். நாலைந்து பேர் ஆமென் போட்டிருந்தார்கள். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அக்கா பெருமாளுக்குப் படையல் போடுவார். விடிந்ததும் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு அடுப்படிக்குள் போனால் படைக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. உப்புப் பார்க்கமாட்டார். கைக்குத் தெரிந்த அளவில் போடுவதுதான். முதல் வாரம் மதியம் தெருவே சாப்பிட்டது. எனக்கு ஒரு வாழையிலையில் புளியோதரையும் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் வைத்து, படியேறி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பயிற்சியிலும் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயம். கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். குப்பையில் போட்டால் தெரிந்துவிடும், வெளியே எடுத்துப் போனால் வாசலில் ஆள் இருக்கும். கடைசியில் குளியலறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றி ஓட்டிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அதேதான். இலையை மட்டும் மடித்துக் கொண்டுபோய்க் கீழே போட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றும் சொன்னேன்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"ரொம்பச் சரி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சோற்றையே மறைக்கப் பார்த்தேன். மறையுமா? அந்த வாரமே மாடிக் குளியலறையில் தண்ணீர் போகாமல் தேங்கி, வாசற்படி தாண்டி அறைக்குள் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்கட்டில் குழாய் இறங்குகிற இடத்தில் ஒரு நீளக் கம்பியை விட்டுக் குத்தினார். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிவந்து வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏதோ நானும் வேலை செய்கிறவள்போல.

முதலில் கறுப்புத் தண்ணீர் வந்தது. அப்புறம் கொத்தாகச் சோறு. ஊறிப் பெருத்திருந்தாலும் மஞ்சள் நிறம் போகவில்லை. அதற்குள் நிலக்கடலையும், கொண்டைக்கடலையும், முழு மிளகாய் வற்றலும் கிடந்தன. எங்கள் வீட்டில் ஒரு பருக்கை காலில் மிதிபட்டால்கூட அம்மா எடுத்து ஓரமாகப் போடுவார். சாமிக்குப் படைத்தது என்பதை விடுங்கள், சோற்றைச் சாக்கடையில் கொட்டியவள் என்று என் சொந்த அம்மாவே என்னைச் சேர்க்கமாட்டார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "எலி இழுத்துப் போட்டிருக்கும்."

"மாடியில ஏது எலி?"

"எல்லாம் உங்களுக்குத் தெரியுமாக்கும். தண்ணி போகுதான்னு பாருங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மேலே போய்ப் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினேன். அடுத்து அக்கா படியேறி வருவது காலி பண்ணச் சொல்லத்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை காலையில் படியில் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு அக்கா நின்றார். கையில் எவர்சில்வர் தட்டு, ஆவி பறக்கிற புளியோதரை. கட்டிலுக்கு அருகே திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், தட்டை நீட்டினார்.

"இன்னும் படைக்கல. இது உனக்குன்னு முதல்லயே ஆக்குனது."

எனக்கு எதுவும் விளங்கவில்லை.

"அடுத்த தெருவுல உங்க ஆளு ஒரு டீச்சர் இருக்காவ. அவியகிட்ட கேட்டேன். சாமிக்குப் படைச்சது உங்களுக்கு ஆகாதாம்லா. சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? நான் சாமி கும்பிட்டு எல்லாருக்கும் போட்டு முடிய மூணு மணி ஆயிரும். நீ வன்னியம்பட்டிக்குப் போகணும்லா. உக்காரு."

உட்கார்ந்தேன். அக்கா போகவில்லை.

"ஜெபம் பண்ணிட்டுத்தான சாப்பிடுவ? பண்ணு. செத்த நேரம் நிக்கேன்."

கண்ணை மூடினேன். மைக் இல்லாமல் அரைமணி நேரம் ஜெபம் பண்ணுவேன் என்று பயிற்சியில் பேர் வாங்கியவள் நான். இந்த உணவுக்காக ஸ்தோத்திரம் என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. வெறுமனே கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு ஆமென் என்றேன். அக்கா திருப்தியாகக் கீழே இறங்கிப் போனார்.

சோற்றில் உப்பே இல்லை. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டேன்.

தட்டைக் கழுவிக் கொண்டு போனபோது அடுப்பில் இன்னொரு உலை அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரர் முற்றத்தில் நாற்காலி போட்டு, காய்ந்த உதட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் விரதம். என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து புரட்டாசிச் சனியில பெருமாளுக்கு முந்தி யாருக்கும் அவ அடுப்புப் பத்த வெச்சதில்லம்மா. நான் பட்டாளத்துலேருந்து லீவுல வந்து நின்னாலும் காத்துக்கிட்டுத்தான் கிடக்கணும்."

குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். இந்த வீட்டுக்கு எதையோ கொடுக்க வந்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். என் நேமத்துக்காக அக்கா தன் நேமத்தை இரண்டாவது இடத்துக்குத் தள்ளியிருக்கிறார். நான் அவருக்காகத் தள்ளியது ஒரு மாதத்து முட்டை. அன்று வன்னியம்பட்டி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வந்ததும் பெட்டியிலிருந்த துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டேன்.

அந்த வாரம் முழுவதும் எனக்குள் பெரிய மல்லுக்கட்டு. கற்றதெல்லாம் ஒரு பக்கம், அந்தக் காய்ந்த உதடு ஒரு பக்கம். அடுத்த சனிக்கிழமை விடியுமுன்பே எழுந்து, அக்கா அடுப்பு மூட்டுமுன் கீழே போனேன். அடுப்படி வாசலுக்கு வெளியிலேயே நின்றேன்.

"அக்கா, இன்னிக்கு எனக்குத் தனியா ஆக்க வேண்டாம். படைச்சு எல்லாருக்கும் குடுக்கையில எனக்கும் குடுங்க. நான் சாப்பிடுறேன்."

அக்கா முகம் மலர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"உங்க ஜெபவீட்டு ஐயா கேட்டா என்ன சொல்லுவ?"

"நான் சொல்லிக்கிறேன்."

"பொய்யா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணும் வேண்டாம். பெருமாள்கிட்ட நான் சொல்லிட்டேன். வீட்டுல ஒரு புள்ள இருக்கு, அதுக்கு முதல்ல போட்டுட்டு வாரேன்னு. அவரு ஒண்ணும் சொல்லல. நீ உன் நேமத்தை விடாத." அடுப்பைப் பற்ற வைத்தார். "கையைக் கழுவிட்டு உக்காரு. ஆனா ஏட்டி, ஒரு பருக்கை மிச்சம் வெக்காம தின்னுரு. கம்பி வெச்சுக் குத்த அவியளுக்கு இடுப்பு ஏலாது."

அதுவரை என்னை வீட்டுப் பெண்ணைப்போல ஏட்டி என்று அவர் கூப்பிட்டதில்லை. முற்றத்தில் வீட்டுக்காரர் மீசைக்குள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவர்கள் இருவரும் பட்டினியாக இருக்க, முதல் ஆளாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.