அட்டைப் படத்தில் அக்கா சிரிப்பது ஏன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நீங்கள் முதலில் பார்த்திருப்பது அட்டைப் படத்தைத்தான். அச்சகத்திலிருந்து முதல் படி வந்த அன்றே உறவினர்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். இவ்வளவு பெரிய நடிகைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையா? கழுத்தில் ஏன் அத்தனை கனமான மாலை? விரல்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிவது என்ன? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தில் தரப் பரிசோதனை செய்கிறவள் நான். எந்தக் கேள்வியையும் எண்ணிட்டு, வரிசையாகப் பதில் எழுதியே பழகிவிட்டேன். இந்த மூன்றுக்கும் மட்டும் அப்படித் தனித்தனியாக எழுத வரவில்லை. அக்காவின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து சொன்னால் மூன்றும் ஒன்றாக விளங்கிவிடும்.

அக்கா பிறந்தது பருத்திப்பட்டில், அம்மாவின் தாய்வீட்டில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடித் தொழிற்சாலைக்கு வெல்டராக வந்தவர். குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. அக்காவுக்குப் பன்னிரண்டு வயதானபோது நான் பிறந்தேன். எனக்கு நடை பழக்கியது, பால் பற்களைப் பிடுங்கிப் போட்டது, பள்ளியில் சேர்த்தது எல்லாம் அக்காதான். உலகம் அவரை வேறொரு பெயரில் அறியும். அந்தப் பெயர் சுவரொட்டிகளுக்காக வைக்கப்பட்டது. ஞானஸ்நானப் பெயரோ வீட்டுக்குள் கூப்பிட இருந்தது. இங்கே இரண்டையும் எழுதாமல் அக்கா என்றே எழுதுகிறேன்.

திரைப்படத்துக்கு அக்கா போனது கோயில் வழியாக. தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். ஒரு வருடம் மாதா வேடம் அக்காவுக்குக் கிடைத்தது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்திக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அழாததைப் பார்த்துக் கூட்டம் அழுதது. நாடகத்துக்கு உடைகளை வாடகைக்குக் கொடுத்தவர் கோடம்பாக்கத்துக்கும் கொடுப்பவர். அவர் சொல்லி, ஓர் உதவி இயக்குநர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அப்பா இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். அம்மா கேட்டது ஒன்றுதான். "ஞாயித்துக்கிழம பூசைக்கு வருவாளா?"

கதாநாயகியாக நடித்த முதல் இரண்டு படங்களும் ஓடவில்லை. அந்த நாட்களில் மேக்கப் பெட்டியோடு ஆவடி பஸ் நிலையத்தில் நிற்கும் அக்காவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மூன்றாவது படத்தில் கதாநாயகனின் தங்கை வேடம். இடைவேளைக்கு முன்பு இறந்துபோகும் தங்கை. அதை ஒப்புக்கொண்டுவிட்டு, அக்கா வீட்டுத் தரையில் படுத்துப் பயிற்சி செய்தார். மூச்சை அடிவயிற்றில் வைத்து, புடவை எழும்பாமல் விட வேண்டும். இமைக்குள் விழி அசையக் கூடாது. விளக்குச் சூட்டில் வியர்வை வழிந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. பள்ளிக்கூடச் சீருடையோடு கால்மாட்டில் உட்கார்ந்து, எங்கே அசைகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

"இப்போ?"

"தோள்பட்ட லேசா ஏறுதுக்கா."

"சரி, திரும்பவும் பாரு."

பரிசோதனை வேலையை நான் அங்கேதான் கற்றேன் என்று அக்கா பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் படத்துக்கு விளம்பரம் செய்தவர்கள் புதுமையாக ஒன்று செய்தார்கள். அக்காவின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று அச்சடித்து, படத்தின் பெயரை அடியில் போட்டு, ஊரெங்கும் ஒட்டினார்கள். ஆவடி ரயில் நிலையத்துச் சுவரில் ஒட்டியதன் அடிப்பகுதியை ஒரு டுட்டோரியல் விளம்பரம் மறைத்துவிட்டது. மிஞ்சியது அக்காவின் முகமும் கண்ணீர் அஞ்சலியும்தான்.

அன்று காலை அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கத் தெருக் குழாயடிக்குப் போயிருந்தார். படப்பிடிப்பு இல்லாததால் அக்கா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், பக்கத்து பிளாக் அந்தோணி மாமா பெரிய ரோஜா மாலையோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர், கைகட்டி, தலை குனிந்து.

மாமா ஓரடி பின்வாங்கினார். "இன்னாம்மா... நீ... கீறியா?"

"கீறேன் மாமா. உள்ள வாங்க. மாலை யாருக்கு?"

மாமா சமாளிக்கத் தெரிந்தவர். "உனக்குத்தாம்மா. படம் நல்லா ஓடுதுன்னாங்க, அத்தொட்டு..."

பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். "இன்னா மாமே, படம் வெள்ளிக்கிழம தான் ரிலீஸு."

இது வரைக்கும் சிரிப்பு. நாங்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அதே நேரத்தில் குழாயடியில் ஒரு பெண்மணி அம்மாவைக் கட்டிப்பிடித்து, "பெத்த பொண்ணப் பறிகொடுத்துட்டு இங்க நின்னுகினு கீறியே தாயி" என்று அழுதிருக்கிறார். அம்மா குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வழியெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு ஓடினார் என்பதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. பிளாக் முனை திரும்பியதும் வாசலில் கூட்டம். கூட்டத்தின் நடுவே மாலையோடு அக்கா. அம்மா அக்காவை இழுத்து அணைத்து, முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுத்து, மறுபடியும் அணைத்துக்கொண்டார்.

"இனிமே சாவாதடி."

"சினிமாலதானேம்மா?"

"அதான் சொல்றேன். சினிமாலயும் சாவாத."

படம் வெளிவந்து நூறு நாள் ஓடியது. அதன் பிறகு கண்ணீர் வரவழைக்கும் சாவு என்றால் எங்கள் அக்காதான் என்று ஆகிவிட்டது. தங்கையாக, மனைவியாக, பிற்காலத்தில் இளம் தாயாக எத்தனையோ படங்களில் இறந்தார். அந்த வேடங்களுக்காகத்தான் விருதுகள் வந்தன. அவற்றை விட்டுவிடச் சொன்னால் தொழிலையே விடச் சொன்னதுபோல. அம்மாவுக்கும் அது தெரியும், தடுக்கவில்லை. ஆனால் அக்கா நடித்த ஒரு படத்தையும் பார்ப்பதில்லை என்று உறுதியாக இருந்துவிட்டார். தியேட்டருக்கு வரமாட்டார். தொலைக்காட்சியில் போட்டால் அடுப்படிக்குப் போய்விடுவார். ஊரே கொண்டாடிய அக்காவுக்கு இருந்த ஒரே குறை இதுதான். "எல்லாரும் பாத்துட்டாங்க, பாக்க வேண்டியவங்க பாக்கல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவே ஓர் ஏற்பாடு மட்டும் இருந்தது. திரைப்படக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காமல் இறங்கினால் ஆகாது என்பார்கள். அக்கா இதைச் சொன்னபோது அம்மா பிடித்துக்கொண்டார். "அப்ப அந்தச் சிரிப்ப எனக்குக் காட்டு. காட்டிட்டு எத்தினி தபா வேணாலும் சாவு."

தங்கை படத்தில் ஏற்கெனவே எடுத்திருந்த சிரிப்பு முதலில் வந்தது; அன்றிலிருந்து ஒவ்வொரு சாவுக்கும் ஒரு புகைப்படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. எடுத்தவர் அக்காவின் பெரும்பாலான படங்களுக்கு ஸ்டில்ஸ் எடுத்த அண்ணன். அக்கா வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தால், வானகரம் தாண்டி ஸ்கூட்டரில் அவரே கொண்டுவருவார். அம்மா டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"எழுந்துட்டாளா?"

"எழுந்து, ரெண்டு பொங்கல் துன்னுட்டு, மூணாவதுக்கு சட்னி இல்லன்னு சண்ட போட்டாங்கம்மா."

அம்மாவுக்கு அது போதும். படத்தைச் செபப் புத்தகத்தில் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு ஆல்பத்தில் ஒட்டுவார். மற்ற வீடுகளில் கல்யாண ஆல்பம் இருக்கும். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. அது அவரே எடுத்த முடிவு, அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது இந்த ஆல்பம். எல்லாப் படத்திலும் மாலை, நெற்றியில் சந்தனம், முகமெல்லாம் சிரிப்பு.

அக்காவின் குணங்களையும் எழுத வேண்டும். படப்பிடிப்புக்குத் தாமதமாகப் போனதில்லை. எவ்வளவு புகழ் வந்தபோதும் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு வராமல் இருந்ததில்லை. மாலையைக் கழுத்தில் போடுவதற்கு முன் எறும்பு உதிரும்படி அதை நன்றாக உதறச் சொல்வார். செட்டில் அவர் செய்த ஒரே அதிகாரம் அது என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். நான் டிப்ளமோ படித்தது அவரால். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண் என்று தயங்கியபோது, "நானும் தான் தனியா போய்ப் படுக்கறேன் பாடையில. யாரு கூட வராங்க?" என்று கேட்டு அனுப்பிவைத்தார். அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது முகப்பேரில் வீடு வாங்கிக் கொடுத்தார். அப்பாவின் கடைசி நாட்கள் அந்த பால்கனியில் நிம்மதியாகக் கழிந்தன.

பிறகு அக்காவுக்கே நோய் வந்தது. மருத்துவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். அக்காவும் எங்களிடம் ஒளிக்கவில்லை. ஒப்புக்கொண்டிருந்த படங்களை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் அந்தத் தங்கை படம் போட்டார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அம்மா வழக்கம்போல் எழுந்தார். அக்கா அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஒண்ணு மட்டும் எங்கூட உக்காந்து பாரும்மா."

"வுடுடி. அடுப்புல பால் கீது."

"எழுந்துட்டேன்னு இத்தன வருஷமா போட்டோ குடுத்தேன். இப்போ பக்கத்துலயே உக்காந்திருக்கேன். வேற இன்னா சாட்சி வேணும் உனக்கு?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் மணிக்கட்டை நாடி பார்ப்பதுபோல் பிடித்திருந்தார். அந்தக் காட்சி வந்தது. திரையில் அக்காவைக் கிடத்தி, மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். அம்மா கையை விடாமலே முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"மூச்சே வுடலியேடி?"

"வுட்டேம்மா. அடிவயித்துல."

"தெர்லயே."

"தெரியக் கூடாதுன்னுதானே தரையில உருண்டுகினு இருந்தேன். இவளக் கேளு."

"மூக்குல பஞ்சு அரிக்கல?"

"உயிரு போற மாதிரி அரிச்சுது."

அம்மா காட்சி முடியும்வரை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நல்லாத்தான் செத்துகீற."

அக்கா சிரித்தார். இருமல் வந்தும் நிறுத்த முடியவில்லை. விருது மேடைகளில் எல்லாம் நான் உடன் இருந்திருக்கிறேன். எந்த மேடையிலும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே அம்மா மற்றப் படங்களையும் கேட்டார். கேசட் வாடகைக்கு எடுத்து, மதியங்களில் ஒவ்வொன்றாகப் போட்டோம். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் அக்கா இறந்ததும் அந்தப் படத்துக்கு உரிய சிரிப்பைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். நோய் இருந்த வீடு என்று அந்த மாதங்களை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாப் படங்களையும் அம்மா பார்த்து முடித்த பிறகுதான் அக்கா போனார். மழைக்காலம் ஓய்ந்த ஒரு காலையில், குருவானவர் நற்கருணை கொடுத்துவிட்டுப் போன பின், அம்மா அதே மணிக்கட்டைப் பிடித்திருக்க, அமைதியாக மூச்சு நின்றது. அம்மா வெகுநேரம் கையை விடவில்லை. நாங்களும் விடச் சொல்லவில்லை.

இந்த ஓராண்டில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாடிப்படியில் அக்காவை நாற்காலியோடு பதமாகத் தூக்கி இறக்கிய முகப்பேர் கீழ்வீட்டு அண்ணன்மாருக்கும், அடக்கப் பூசையில் பாடிய பாடகர் குழுவுக்கும், ஆவடி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் எல்லோருக்கும், அன்று மாலையோடு வந்தவரும், இந்த முறை முன்கூட்டியே எனக்குப் போன் செய்து, "நெசமாத்தானாம்மா?" என்று கேட்டு அழுதவருமான அந்தோணி மாமாவுக்கும், ஆல்பத்தில் இருந்த படத்தை மலருக்காகப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டில்ஸ் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அட்டைப் படம் அந்தத் தங்கை படத்தில் எடுத்ததுதான்; ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. விரல்களுக்கு நடுவே இருப்பது அப்போதுதான் மூக்கிலிருந்து எடுத்த பஞ்சு. தேர்ந்தெடுத்தது அம்மா. அடக்கம் முடிந்து வீட்டுச் சுவரில் இதை மாட்டியபோது, ஓர் உறவினர் வழக்கப்படி பூமாலை வாங்கி வந்தார். ஆணியில் மாட்டப் போனவரின் கையை அம்மா மெதுவாகப் பிடித்தார்.

"வேணாம்ப்பா. அவளே போட்டுகினு தான் கீறா, பாரு. எழுந்து உக்காந்துட்டா."