மாமாவுக்கு மினிமம் ஆகாது

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்களுக்குக் கம்ப்யூட்டரைக் கட்டிப் பார்க்கும் யோகம் இல்லை. என் அக்காள் விமலாவின் கணவர் சத்தியசீலனுக்கு அது வாய்த்தது. ஆறு வருடமாகக் கட்டினார்.

மாமா மலேசியாவில், ரவாங் நகரத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பக்கத்து ஊரான பெஸ்தாரி ஜெயாவில் வீடு. மகள் ரூபினி பதின்மூன்று வயதில், ஒரு தீவில் தொலைந்துபோன தங்கையைத் தேடிப் போகும் கம்ப்யூட்டர் ஆட்டத்தைக் காட்டி, "நாம ரெண்டு பேரும் ஆடலாம்ப்பா" என்று கேட்டாள். அந்த ஆட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று இரண்டு பட்டியல் இருந்தது. ஒன்று மினிமம், அது இருந்தால் ஆட்டம் ஓடும்; மற்றது ரெக்கமெண்டட், அது இருந்தால் அழகாக ஓடும். மினிமத்துக்கு அப்போதே அவரிடம் காசு இருந்தது. நான் அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து எஸ்டேட்டுல மினிமத்துலதான் ஓட்டுனோம். எம்மவளுக்கு ரெக்கமெண்டட்தான் லா."

அன்றிலிருந்து கோவணத்தைக் காப்பாற்றப் பூனை வளர்த்த சாமியார் கதைதான். கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினார். அது பெட்டிக்குள் நுழையவில்லை. பெரிய பெட்டி வாங்கினார். பவர் சப்ளை போதவில்லை. அதையும் மாற்றி நிமிர்ந்தபோது ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் சேர்ந்து, பட்டியலும் வளர்ந்திருந்தது. பழைய ரெக்கமெண்டட் புது மினிமம் ஆகிவிட்டது. மாமா முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சனிக்கிழமை தோறும் அப்பனும் மகளும் மோட்டார் சைக்கிளில் ரவாங் போய், கடை கடையாக விலை கேட்டு, வண்டிக்கடையில் ஒரு தட்டு ரொஜாக் தின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். கடைசியில் ரேம் என்கிற நினைவகத் துண்டு மட்டும் பாக்கி. அதன் விலையோ மூன்று மடங்கு ஏறிவிட்டது. ஏஐ கம்பெனிகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகின்றன என்றான் கடைக்காரன். மாமா ஓவர்டைம் செய்து ஆன்லைனில் ஆர்டர் போட்டார்.

அதற்குள் ரூபினிக்குக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. விஜயதசமி அன்று காலை விமானம். ஆயுத பூசை அன்று காலையில் மாமா தன் கையாலேயே கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் நிறுத்தினார். மத்தியானம் ரேம் வந்து சேர்ந்தது.

மாமா ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அதுவும் பூசையில் இருந்தது.

"சாமிகிட்ட வெச்சதைத் தொடாதீங்க. நாளைக்குப் பூசை பண்ணித்தான் எடுக்கணும்" என்றாள் அக்காள்.

"நாளைக்கு அவ போயிருவாளே, விமலா."

கேலி பண்ண வாயெடுத்த நான் மூடிக்கொண்டேன். அக்காளுக்கும் மனம் இளகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கே பூசை முடித்துத் தருவதாகச் சொன்னாள்.

சொன்னபடியே முடித்தாள். ஆட்டத்தைக் கடைக்காரன் முன்பே டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்திருந்தான்; மாமா ரேமை மட்டும் செருகினார். விமான நிலையத்துக்குப் போக ஆறு மணிக்கு என் காரில் ஏறவேண்டும். ஐந்தரைக்கு ஆட்டம் திறந்தது. அப்பனும் மகளும் ஒரு நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்தார்கள். திரையில் ஓர் அருவி கொட்டியது. மாமா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ரூபினி நேராக அருவிக்குப் பின்னால் போய், அங்கே மறைந்திருந்த கதவைத் திறந்தாள்.

மாமா மகளைப் பார்த்தார். "இங்க கதவு இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?"

ரூபினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "மூனு வருசத்துக்கு முந்தியே முடிச்சிட்டேன்ப்பா. கூட்டாளி நித்தியா வீட்டுல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சனிக்கிழமை கடைக்குப் போறது நின்னுருமில்ல."

அக்காள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா மெல்லக் கேட்டார்.

"நித்தியா வீட்டுல எதுல ஆடுன? ரெக்கமெண்டட்லயா?"

"இல்லப்பா. மினிமம்."

மாமாவின் முகம் தெளிந்தது. "அப்ப நீ ஒன்னும் பாக்கல. கதவு கிடக்கட்டும், தண்ணியப் பாரு."

அவள் அவர் தோளில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தாள். ஆறு மணி ஆனது. கார்ச்சாவி என் கையில் இருந்தது. கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.