வீரையா அண்ணன் அடித்த கிராதி

சனிக்கிழமை காலை ரவாங்கிலிருந்து வந்த லோரிக்காரர்தான் செய்தி சொன்னார். "வாத்தியாரே, நம்ம வீரையாண்ணன் தவறிட்டாரு லா. மக வீட்டுல, சாயா குடிச்சிட்டு உக்காந்தவரு அப்படியே..." எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருந்த மனிதர்!

தோட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு உலர்த்தியவர் அவர். உடம்பெல்லாம் புகை வாசம், வாய் நிறையச் சிரிப்பு.

காட்டில் கம்யூனிஸ்டுக் கலகம் என்று அவசரகாலம் வந்து, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை முள்வேலிக்குள் நெருக்கினார்களே, அப்போது ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். ஆசிரியர் என்ற மரியாதைக்கு எனக்குக் கிடைத்தது கூரைக்கடியில் ஒரு பரண்! மூன்று வயது மகள் கமலம் தூக்கத்தில் உருளுகிற பிள்ளை. விழுந்தால் சிமெண்டுத் தரை. என் மனைவி சாரதா முந்தானையால் பிள்ளையைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினாள். பயத்தில் ஆள் பாதியாகிவிட்டாள்.

பரண் விளிம்பில் கிராதி அடிக்கத் தோட்டத்துத் தச்சரைக் கேட்டால், அவருக்குக் காவல் கொட்டகை வேலையே தீரவில்லை. நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தபோது, வீரையா அண்ணன் தாமாகவே வந்தார். "கிராதிதானே? நான் அடிச்சுத் தரேன்."

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு, புகைக்கூடத்தில் கழித்துப்போட்ட கம்புகளைச் சுமந்து வந்தார். கூரை சாய்வு என்பதால் ஒவ்வொரு கம்பையும் தனித்தனியே அளந்து அறுத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முடிந்ததும் சாரதா ஏறிப் பார்த்தாள். தலையணையை எடுத்து உருட்டினாள். அது இரண்டு கம்புகளுக்கு நடுவே புகுந்து என் தலையில் விழுந்தது.

"ஐயையோ அண்ணே! எம்புள்ள என்ன ரப்பர் ஷீட்டா, புகை போக இடம் விட்டிருக்கீங்க?"

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்க தோஷம்மா. கை அதுபாட்டுக்கு இடைவெளி விட்டுருச்சு."

வேறொருவராக இருந்தால் நடுவில் கயிற்றைக் கட்டிவிட்டுப் போயிருப்பார். அவர் அத்தனை ஆணியையும் பிடுங்கினார். கமலத்தின் தலையை நூலால் அளந்து, அதைவிடக் குறைவாக இடைவெளி விட்டு மறுபடி அடித்தார். அப்போதும் சாரதாவின் முகம் தெளியவில்லை. உடனே அவரே பரணில் ஏறிப் படுத்து, "பாத்துக்கம்மா!" என்று கிராதியின் மேல் தடதடவென உருண்டார். அந்தக் கனத்த உடம்புக்கும் அது அசையவில்லை. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சாரதா வாய்விட்டுச் சிரித்தாள்.

வேலியின் கதவு மூடுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால், ரவாங்கில் அவருடைய இறுதிச் சடங்கில் கடைசிவரை நிற்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இருக்கிறது. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, இப்போது பிற்பகல். கமலமும் அவள் தம்பியும் பரணில் உறங்குகிறார்கள். சின்னவன் உருண்டு வந்து கிராதியில் முட்டிக் கிடக்கிறான். சாரதா தண்ணீர்க் குழாயடியில் யாருடனோ கதை பேசிக்கொண்டிருக்கிறாள். போய் அரை மணி நேரம் ஆகிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.